வேகவைத்த கம்பிகள்

20 ஜனவரி 2025, திங்கள்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும். யாரிடம் சொல்கிறேன்? எனக்கே சொல்லிக்கொள்கிறேன். 'ழ' போட்டால் வால் எங்கேயோ ஓடுகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. இருந்தாலும் குப்புராஜ் என்கிற என் பெயரை எழுபத்தோரு வயதில் நானே எழுதுகிறேன். அன்றன்று நடந்ததை எழுதினால் கை பழகும் என்று மாலை வகுப்பில் காமு டீச்சர் சொன்னார்.

இன்று நடந்தது நல்லது. துளசிங்கம் வந்தான். அவன் பேத்தி ரிசப்ஷனில் எங்கள் பழைய மெல்லிசைக் குழு மறுபடி மேடை ஏறுகிறது. "மச்சான், பேஸ் கிட்டார் நீதான். வேற எவனையும் இட்டாரமாட்டேன்," என்றான். என் கிட்டார் முடிச்சூர் வெள்ளத்தில் கட்டிலுக்கடியில் ஊறிச் செத்தது. ஜெபினிடம் இரவல் கேட்கலாம் என்று முடிவு.

22 ஜனவரி, புதன்

சேலையூரில் ஜெபின் வீட்டுக்குப் போனேன். போர்டைப் படித்து பஸ் ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. வழியில் இருக்கிற கடைப் பெயரெல்லாம் படித்துக்கொண்டே போனதில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

ஜெபின் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சில் பேஸ் வாசிப்பவர். என்னைவிட ரொம்பச் சின்னவர். "இதை நான் யாருக்கும் குடுத்ததில்லண்ணா. உங்களுக்குன்றதால தரேன். சர்ச்சுக்கு அடுத்த ஞாயிறு வேற கிட்டார் வெச்சு சமாளிச்சுக்கறேன்," என்றார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

24 ஜனவரி, வெள்ளி

கம்பி செத்துப்போயிருக்கிறது. தட்டினால் போர்வைக்குள்ளிருந்து ஒருவன் பேசுவதுபோல் சத்தம். எனக்குத் தெரிந்த கம்பி விரலுக்கு ரம்பம் மாதிரி கரகரவென்று இருக்கும். இது வழவழ. வாசித்து வாசித்து வரியெல்லாம் தேய்ந்து, இடுக்கில் அழுக்கு அடைத்திருக்கிறது. பாவம், ஆபீஸ் போகிற மனிதர், இதையெல்லாம் பார்க்க நேரம் ஏது.

முகூர்த்த சீசனுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் செய்வதுதான். பழைய கம்பியைக் கழற்றி வேகவைப்போம். அழுக்கு இறங்கினால் மறுபடி பேசும்.

25 ஜனவரி, சனி

வேகவைத்தேன். மருமகள் ஜெயக்கொடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாமா இது, இடியாப்பமா?"

"கிட்டார் கம்பிம்மா."

"அப்ப அந்தக் குண்டான் இனிமே உங்களுது. நான் அதுல சோறு வடிக்கமாட்டேன்."

சோடா உப்பு போட்டதும் தண்ணீர் கறுத்துப்போனது. பார்க்கவே திருப்தியாக இருந்தது. துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினேன். பளிச்சென்று பேசுகிறது. ஜெபினிடம் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அவரே வாசித்துப் பார்த்து அசந்துபோகட்டும்.

1 பிப்ரவரி, சனி

நேற்று ரிசப்ஷன். துளசிங்கம் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தான்டா நீ வாசிக்கிறது கேக்குது," என்றான். அதோடு முடிந்திருந்தால் அது நல்ல நாள்.

சாப்பிடும்போது லீட் கிட்டார் வாசிக்கும் குமரேசன் என் மடியிலிருந்த பேஸைத் தடவிப் பார்த்தான். "தலைவா, இது ஃபிளாட் கம்பியாச்சே. எப்டி ரவுண்ட் மாதிரி கத்துது?"

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். நடுக்கம்பிமேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் அது ரவுண்ட். நான் ஆயுசுக்கும் வாசித்தது அதுதான். பட்டையாக நசுக்கிய கம்பியைச் சுற்றினால் ஃபிளாட். அது பிறக்கும்போதே வழவழப்பு. தேய்ந்து வந்த வழவழப்பு இல்லை. அது மந்தமாகத்தான் பேசும், அந்த மந்தத்துக்காகவே வருஷக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பார்களாம். கை அழுக்கு ஏற ஏறத்தான் அதற்கு மவுசாம்.

"அத்த போய் எவனாவது கழுவுவானா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இலையை மூடிவிட்டு கிட்டாரை உறைக்குள் போட்டேன்.

இன்று மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெபின் உறையைத் திறக்கவில்லை. "எப்படி இருந்துச்சுண்ணா?" என்றார். "நல்லா இருந்துச்சு," என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

3 பிப்ரவரி, திங்கள்

ஜெபின் போன் செய்தார். "அண்ணா, கம்பி மாத்தினீங்களா?"

"இல்லையே," என்றேன்.

மாற்றவில்லைதானே. அதே கம்பிதான். பொய் இல்லை.

பொய்தான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

டீக்கடையில் துளசிங்கம் சொன்னான். "ஜெபினுக்குக் காது பேஜாராயிடுச்சுடா. பேஸ்ல அடி சத்தமே வுழல, கீச்சுன்னு கேக்குதுன்றான். ஆம்ப் பொட்டியப் பிரிச்சு மேஞ்சிட்டான், அதுல ஒண்ணும் இல்ல. மத்தவங்கள கேட்டா எங்களுக்கு வித்தியாசமே தெர்லன்றாங்க. அவங்கப்பனுக்கும் இந்த வயசுலதான் காது போச்சு. நாளைக்குக் காது டாக்டராண்ட போறான். சர்ச்ல வாசிக்கறத வுட்டுடறேன்னு சொல்லிகினு கீறான்."

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னா மனுஷன் நான். ஒரு வார்த்தை — ஆமா, வேகவெச்சிட்டேன், தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை. அதுக்கு வாய் வரல. எழுதப் படிக்கக் கத்துக்கினு இன்னா பிரயோஜனம்.

7 பிப்ரவரி, வெள்ளி

அவர் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று காலையிலேயே போனேன். இன்று எந்த போர்டையும் படிக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"வேகவெச்சீங்களா?"

"ஆமா."

"எதுல?"

"சோறு வடிக்கிற குண்டான்ல."

மாட்டிய செருப்பைக் கழற்றினார். "அப்ப என் காது?"

"உங்க காது சரியாத்தான் இருக்கு. அதனாலதான் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

படியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாலு நாளா எங்க பாப்பா பேசறதையெல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். கேட்டு வெச்சுக்கணும்னு," என்றார். அப்புறம், "நான் போன்ல கேட்டேன்ல சார்?"

அண்ணா என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்.

கம்பிக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியாமல் செய்தேன் என்று பதில் இருந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. காமு டீச்சர் ஆள் அனுப்பியிருந்தார். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். உடனே ஜெயக்கொடியைக் கூப்பிட்டு, வேண்டாம், மனசு சரியில்லை என்றே சொல் என்றேன்.

12 பிப்ரவரி, புதன்

ஜெபின் வந்தார். பேஸைத் தூக்கிக்கொண்டு முடிச்சூர் வரைக்கும் அவரே வந்தார். நாற்காலியில் உட்காராமல் பேசினார்.

"ரெண்டு வழிதான் இருக்கு சார். இதைக் கழட்டிட்டு ரவுண்ட் போட்டு நான் பழகிக்கலாம். இல்ல, இதையே வாசிச்சு வாசிச்சுப் பழையபடி ஆக்கணும், அது லேசுல ஆகாது, புது ஃபிளாட் வாங்கினாலும் இதே கதைதான். நீங்களே சொல்லுங்க, எது?"

ஏன் என்னிடம் கேட்டார்? என் கைக்குப் பிடித்தது ரவுண்ட்தான். ரிசப்ஷனில் அந்தச் சத்தம் கேட்டு எனக்கு எவ்வளவு ஆனந்தம். வாய்வரை வந்தது. ஆனால் அது என் கிட்டார் இல்லை. அன்றைக்கும் அது என் கிட்டார் இல்லை. அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

"ஃபிளாட்டே இருக்கட்டும்," என்றேன். "இங்க விட்டுட்டுப் போங்க. தினம் வாசிச்சு அழுக்கேத்தித் தரேன்."

"கை கழுவாம?"

"கழுவாம."

உள்ளேயிருந்து ஜெயக்கொடி குரல் கொடுத்தாள். "கவலப்படாதீங்க சார், குண்டான எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்."

ஜெபினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

18 பிப்ரவரி, செவ்வாய்

காலையும் மாலையும் வாசிக்கிறேன். மசால்வடை சாப்பிட்ட கை, தேங்காயெண்ணெய்க் கை, எல்லாம். விரல் நுனி மரத்து, பேனா பிடிப்பதே தெரியவில்லை. எழுத்து இன்னும் கோணலாகிவிட்டது.

23 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச் முடிந்து ஜெபின் மகளோடு வந்தார். தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டி, காதைக் கட்டைமேல் வைத்துக் கேட்டார். "இன்னும் பளிச்சுன்னுதான் இருக்கு சார்," என்றார். அந்தச் சார் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று உறையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உறையைத் தொடவில்லை. பேஸை என் மடியிலேயே வைத்தார். "பாப்பாவுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க," என்று சொல்லி, முதன்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வருகிற ஞாயிறும் கேட்க வருகிறாராம். கம்பி எப்படி இருக்கிறது என்று அவர் சொல்வதை, நல்லதோ கெட்டதோ, ஒரு எழுத்து மாற்றாமல் அன்றைக்கே இங்கே எழுதி வைப்பேன்.