மலைக்குப் பனி வருது

துவாரகன்ரை அப்பாவுக்கு,

போனில கதைச்சால் அழுதுபோடுவன், அதுதான் எழுதி அனுப்புறன்.

இஞ்சை இல்ஃபோர்ட்டில விடாத மழை. ஸ்கொட்லாந்தில எங்கட பிள்ளை ஏறப்போய்க் காணாமல்போன மலையில நாளைக்குப் பனி கொட்டுமாம், ரீவியில சொன்னவை. பனி விழுந்தால் அவனைத் தேடுறதை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

போன கிழமை பக்கத்து வீட்டு மங்கலம் அக்கா சோறு கறி கொண்டு வந்தவ. செத்த வீட்டிலதான் அடுப்பு மூட்டுறேல்லை, என்ரை வீட்டில சமையல் நடக்குது எண்டு கோவமாத் திருப்பி அனுப்பினன். அண்டு தொடக்கம் ஒவ்வொரு நாளும் மூண்டு பேருக்குச் சமைச்சன்.

அவன்ரை தடிச்ச குளிர் ஜக்கெற் கதவுக்குப் பின்னாலதான் கொழுவிக்கிடக்கு.

நீங்கள் அந்த மலையடிக் குளிருக்க நிண்டது போதும், வீட்டை வாங்கோ. இண்டைக்கு நான் அடுப்பு மூட்டேல்லை. மங்கலம் அக்காவைச் சோறு கொண்டுவரச் சொல்லிப்போட்டன்.

உங்கட மனுசி