உள்ளே வைத்த செருப்பு

ஜூன் 4, புதன்

வெங்காயம் உரித்த கை. எழுதும்போதும் நாறுகிறது. ஒரகடத்து கம்பெனி கேன்டீனில் இன்று ஆள் குறைவு. அண்டாக்களைக் கழுவுவதும் என் தலையில்தான். திரும்பி வரும் வேனில் கூட வேலை செய்யும் அம்முலு பத்திரிகையை என் மடியில் போட்டு, அதில் வந்த என் கவிதையை எல்லோருக்கும் படித்தே ஆகவேண்டும் என்றாள். படித்தேன்.

இருட்டிய பிறகு வருகிறவன்
செருப்பை உள்ளே எடுத்து வைக்கிறான்.
வாசலுக்குத் தெரியாத காதலை
தினமும் நான்தான் பெருக்குகிறேன்.

சிரித்துக்கொண்டு வந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இறங்கும்போது அம்முலு மட்டும், "யாரு செருப்புன்னு நான் கேக்கமாட்டேன்க்கா" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

தனியாக இருப்பவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. கஞ்சி வைக்க எழுந்திருக்க வேண்டியவளும் அவள்தான்.

ஜூன் 8, ஞாயிறு

வெங்கடேசன் வந்தான். பட்டப்பகலில். நான்கு வருடத்தில் முதல் தடவை! சந்தோஷப்படுவதற்குள் போனை நீட்டினான். யாரோ என் கவிதையைப் படம் எடுத்து, அவனோடு கல் கிரஷரில் டிப்பர் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அவன் அக்காவுக்கும் போயிருக்கிறது.

"இன்னா ஷீபா இது? ஊரே என்னப் பாத்து சிரிச்சிக்கினு கீது."

உன் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். போனைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு குரலைத் தணித்து ஒரு வழி சொன்னான். எல்லாம் கற்பனை என்று அந்தப் பத்திரிகையிலேயே நான் எழுத வேண்டுமாம். இனி அந்தக் கவிதையைத் தொடக்கூடாதாம்.

"அப்பால பொண்ணு கேக்க எங்கம்மாவ நானே இட்டாறேன். சத்தியமா."

அவன் அம்மா. நான் காலனிப் பெண் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று இத்தனை நாளாக எந்த அம்மாவைக் காட்டி நிறுத்தி வைத்தானோ, அந்த அம்மா.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு வரி எழுதினால் போதும். கற்பனை. நாலெழுத்து. கல்யாணம் நடக்கும். சர்ச்சில் என் அம்மாவின் தோழிகள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்ட மாட்டார்கள். அவன் தோளில் டீசலும் வியர்வையும் கலந்த அந்த வாசனை — எனக்கு வேண்டும். பொய் சொல்லவில்லை, வேண்டும்.

ஆனால் இந்தக் கையில் அந்த நாலு வரியைத் தவிர என்னுடையது என்று வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரர் முனிரத்தினம் வந்தார். குடும்பங்கள் இருக்கிற தெருவாம், வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நானும் ஒரு குடும்பம்தான், ஆள் ஒன்று என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டத்தில் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெங்கடேசனிடம் சொன்னேன். "அத்தப் படிச்சீன்னா நான் வரமாட்டேன்" என்றான். மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான். அதுதான் கஷ்டம்.

ஜூன் 22, ஞாயிறு

படித்தேன். அதையேதான். ஒரு பெரியவர் எழுந்து, பெண்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டார். ஒளித்து வைத்தவனைக் கேளுங்கள் ஐயா என்றேன். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அம்முலுதான். வேலைக்குப் போடுகிற அதே சேலையில் வந்திருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

போன் எடுக்கல. எடுக்கமாட்டான். போவட்டும். எவ்ளோ நாளு அவனுக்காகப் பொடவ மாத்திக்கினு உக்காந்துகினு இருந்தேன்? போவட்டும்னு சொல்றேன், ஆனா மறுபடியும் போனத்தான் எடுக்குறேன். அழுதேன். அழுதா தோத்ததா ஆயிடுமா? ஆவாது.

ஜூலை 13, ஞாயிறு

வீடு மாறினேன். அம்முலுவின் தெருவில் ஒற்றை அறை, ஓட்டுக் கூரை. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன்.

வெங்கடேசனுக்கு ராஜகுளத்தில் பெண் முடிவாகிவிட்டதாம். அந்தப் பெண்ணை நினைத்துக் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் வாசலிலாவது அவன் வெளிச்சத்தில் வந்து நிற்கட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியம், தெரியாத நம்பர். வெங்கடேசன். கல்யாணம் ஆகிவிட்டது.

"இன்னும் எழுதிக்கினு தான் கீறியா?"

"எழுதிக்கினு தான் கீறேன்."

குரலைத் தாழ்த்தினான். "என்னப் பத்தியா?"

"இல்ல."

போனை வைத்து, அடுப்பில் பொங்கிய சோற்றை இறக்கும்போதுதான் உறைத்தது. அந்த 'இல்ல' அவன் மனம் நோகக்கூடாதென்று சொன்னது இல்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன்.