நீலாம்பரி என்றே வைத்தாயிற்று

கொல்லிமலை,
12-8-1959

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியபடி நீலாம்பரி என்றே பெயர் வைத்தாயிற்று. ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலில் வாசிக்க வந்த நாயனக்காரரிடம், "ஏனுங்க, நீலாம்பரின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளைகளைத் தூங்க வைக்கிற ராகம், அம்மணி" என்று சொல்லி வாசித்தும் காட்டினார். பாப்பா உடனே தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மேளம் கொட்டினாலே காதைப் பொத்திக்கொள்ளும் உங்களுக்கு, லாரி ஓட்டப் போன சேலத்தில் ராகம் சொல்லிக்கொடுத்தது யார்? குரல் இனிமையாக இருக்குமா?

தை நோம்பிக்கு வந்தபோது தூக்கத்தில் இதே பெயரைச் சொன்னீர்கள். அப்போது இவள் பிறக்கவே இல்லை.

போகட்டும். இனி எங்கே இருந்து அந்தப் பெயரைச் சொன்னாலும், நீங்கள் கூப்பிடுவது உங்கள் மகளைத்தான்.

இப்படிக்கு,
இவளைப் பெற்றவள்