பொத்தான் இல்லாத வேலை

தேனாம்பேட்டை,
ஞாயிறு மாலை

பிரியமுள்ள ஹானிக்கு,

மேரி எழுதுகிறேன். மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாதா காக்கட்டும். போனில் சொன்னால் டூட்டிக்கு நடுவில் அழுவாய். அதனால்தான் உன் ஆஸ்பத்திரிக்கே திரும்பும் தஹ்சீனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நீ கேட்ட விஷயம். என் வார்டில் உனக்கு இடம் இல்லை. எழுதவே கை கூசுகிறது. நர்சுகளின் வேலையை அளக்க ஆள் வருகிறார்கள், இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று தெரிந்துவிடும், உன்னை ஊருக்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போன மாதம் துள்ளியவளும் நான்தான்.

வந்தது குருபிரசாத் என்ற பையன். மரியாதை தெரிந்தவன். டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் எங்கள் பின்னாலேயே நடந்தான். நாங்கள் அடித்த கூத்தைக் கேள். யாராவது வார்டைச் சோதனை போட வந்தால் நாம் எப்படி ஆடுவோம் என்று உனக்குத் தெரியாதா? பழக்கதோஷம், அதையேதான் செய்தோம். மணி அடிக்கும் முன்பே ஓடினோம். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சார்ட் எழுதுவதை மட்டும் அவன் கிளம்பிப் போன பிறகு, டூட்டி முடிந்து உட்கார்ந்து முடித்தோம். வார்டு மானம் போகக் கூடாதாம்! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

அவன் டேப்லெட்டில் ஊசிக்கு ஒரு பொத்தான், மருந்துக்கு ஒன்று, கட்டுப் போட ஒன்று. மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் சார், பக்கவாதம் வந்து படுத்திருக்கிறாரே, அவருக்கு நம் ஃபிர்தௌஸ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். அவன் பொத்தானைத் தேடிப் பார்த்துவிட்டு, சும்மா இருந்த நேரம் என்று அழுத்தினான். ஏனப்பா என்றேன். "ஊட்டறது வீட்டுக்காரங்க வேலைன்னு போட்டிருக்காங்க சிஸ்டர், நான் என்ன பண்றது?" என்றான். சாரின் மனைவியே கோல் ஊன்றித்தான் வந்து போகிறார்.

வியாழக்கிழமை மேனேஜ்மென்ட்காரர்கள் ஏசி ரூமில் சமோசா கொடுத்து முடிவைச் சொன்னார்கள். என் வார்டில் இரண்டு பேர் அதிகமாம். அந்த இரண்டு பெயரை நானே எழுதித் தரவேண்டுமாம். ஒரு காலத்தில் நம்மோடு பெட்பேன் தூக்கிய சூப்பரின்டெண்ட் மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சாப்பிடாமல் ஓடியதால்தான் கணக்கில் ஆள் மிஞ்சியது என்று சொன்னேன். உங்களை யார் ஓடச் சொன்னது என்று மேடமே கேட்டார், ஹானி. அவர்களைப் பார்த்தாலும் அருவருப்பாக இருக்கிறது, எங்களைப் பார்த்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

பெயர் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் முதல் பெயராக என்னையே, ஆரோக்கியமேரி என்று போட்டுக்கொள்ளட்டும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே, எங்காவது ஒரு கிளினிக் கிடைக்கும்.

இன்று பூசை முடிந்து ஆதம்பாக்கம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். வீடு சுத்தமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் பெண்ணும் நல்லவள்தான். ஆனால் அவசரக்காரி, இரண்டு வாய் கொடுத்துவிட்டு, போதுமாம் என்று தட்டை எடுத்துவிடுகிறாள். நான் உட்கார்ந்து ஊட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஹானி, எப்போது வந்தாய் என்று கேட்டார். இப்போதுதான் வந்தேன் என்றேன். கஞ்சி இறங்க, போன ஞாயிற்றுக்கிழமையைவிட நேரமாகிறது. நீயும் நர்ஸ்தான், இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

வேலை கிடைத்த பிறகு வருகிறேன் என்று நின்றுவிடாதே. கிடைக்கிற லீவைப் போட்டுக்கொண்டு கிளம்பி வா. வந்து அம்மா பக்கத்தில் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திரு.

மாதா உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
மேரி