திருத்தப்பட்ட எண்ணுக்கு ஒரு சாட்சி

அஸ்தினாபுரம்,
நவம்பர் மாதம், ஞாயிறு பிற்பகல்.

என் பேரன்புக்குரிய நாத்தனார், முனைவர் டெபோராவுக்கு, உன் அண்ணி ஞானசுந்தரி கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துக் கூறி வரைவது.

இங்கு நானும் உன் அண்ணனும் நலமாயிருக்கிறோம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டதாக எதிர்வீட்டுப் பிளஸ்ஸி சொன்னாள். நம் தெருவில் இதுவரை நீர் தேங்கவில்லை. ஜப்பானில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே செல்லாதே.

தொலைபேசியில் பேசினால் நீ அழுகிறாய், உடனே நானும் அழுகிறேன், சொல்ல வேண்டியது நின்றுபோகிறது. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற வாரம் நீ கூறியதை நான் விளங்கிக்கொண்ட வகையில் முதலில் தருகிறேன், பிழையிருப்பின் திருத்துவாயாக. ஒரு பொருளின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால், அதில் சிறிது மின்னழுத்தம் பிறக்கிறது. ஒரு பாகை வேறுபாட்டுக்கு எவ்வளவு பிறக்கிறது என்பதே சீபெக் குணகம். உலைகளும் வாகனங்களும் வீணே கக்கும் வெப்பத்தை மின்சாரமாக்கவல்ல பொருளை நீ தேடி வருகிறாய். நீ உருவாக்கிய பொருளில், எவரும் கண்டிராத அளவு பெரிய குணகம் கிடைத்தது, கட்டுரையும் வெளிவந்தது. பின்னர் ஒருவரும் வற்புறுத்தாமலே, நீயே வேறொரு கருவியில் மறுபடி அளந்தாய். எண் சரிந்தது. வெப்பநிலையை அறிய வைத்த மெல்லிய கம்பியே, தான் தொட்ட இடத்தின் வெப்பத்தை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் முனைகளின் வெப்ப வேறுபாடு குறைவாகப் பதிவாகி, குணகம் பெரிதாகத் தோன்றியிருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிவிட்டாய்.

இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன நீ, கிறிஸ்துமஸுக்கு வரப்போவதில்லை என்றும், ஆராய்ச்சியையே விட்டுவிட எண்ணுவதாகவும் சொன்னபோதுதான் உடைந்துபோனாய். "சர்ச்ல எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னீங்களே அண்ணி, இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வருவேன்?" என்று கேட்டாய்.

ஆம், ஜூன் மாதத்தில் எழுந்து நின்று, உலகிலேயே உயர்ந்த அளவைக் காண தேவன் உன்னைப் பயன்படுத்தினார் என்று சாட்சி பகர்ந்தவள் நானே. சபையார் கைதட்டி மகிழ்ந்தார்கள். ஆகையால் இன்று காலை, சாட்சி நேரத்தில் மறுபடியும் எழுந்தேன். ஆண்கள் வரிசையிலிருந்து உன் அண்ணன் கண்ணாலேயே "உக்காரு" என்றார். நான் பார்க்காதவள்போல் இருந்துவிட்டேன்.

முன்பு சொன்ன எண் சரியானதல்ல என்றேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் குளிர்ந்த கையை வைத்தால், கை பட்ட இடம் சற்றே குளிர்ந்துவிடும். அதைக் கொண்டு காய்ச்சல் குறைவென்று கணித்தால் தவறாகும். அத்தகைய தவறு இது என்று விளக்கினேன். மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற லாசரஸ் அண்ணன் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது? சாட்சின்னா நல்லது நடந்தத சொல்லுவாங்க. நீ வுழுந்தத சொல்லிகினு கீற!" என்றார். பிளஸ்ஸி தன் பங்குக்கு, "அப்ப ஜூன்ல சொன்ன ஸ்தோத்திரம் கேன்சலா ஆண்ட்டி?" என்றாள். சபையே சிரித்தது. முதலில் சிரித்தவர் போதகர் தாவீதுதான்.

நான் உட்காரவில்லை. "நல்லதுதாண்ணா நடந்திருக்கு. யாருமே கேக்காதப்ப, அவளே திரும்ப அளந்து பாத்திருக்கா. அவ்ளோ பேரும் புகழும் வந்தப்புறம் நீங்களோ நானோ அளப்போமா?" என்று கேட்டேன். லாசரஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "நானா? மீட்டர் ரூம பூட்டிகினு வூட்டுக்குப் பூட்ருப்பேன்" என்றார். மறுபடியும் சிரிப்பு, ஆனால் இம்முறை அது உன்னைப் பற்றியதல்ல. இறுதி ஜெபத்தில் போதகர் உன் பெயரைச் சொல்லி வேண்டினார். உன் கருவிகளுக்காகவும் வேண்டினார்.

உன் அனுமதியின்றி இதைச் செய்தேன். சினம் இருந்தால் நேரில் வந்து காட்டுவாயாக.

உன் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று உன் செய்தியைக் கேட்டதும், "வாயத் திறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்று சொன்னவர் அவர்தான். இன்று சாப்பிட்டு எழுந்தபின், "அந்தக் கம்பி எப்பிடி சூட்ட இழுக்குது? எனக்கும் ஒருவாட்டி சொல்லு" என்றார். கொதிக்கும் காப்பியில் எவர்சில்வர் கரண்டியை நிறுத்தி, காம்பைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். சூடு ஏறும்வரை பிடித்திருந்தார். "அளக்கிற கருவி மேலயே சந்தேகப்பட்டிருக்காளே! எனக்குத் தோணியிருக்காது" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து உன் பெயர்வரை சென்று, திரும்ப வைத்துவிட்டார். எப்படித் தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குப் பள்ளிப்படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மற்றதெல்லாம் அகராதியைத் துணைக்கொண்டு நானே கற்றவை. புதியன கண்டறிந்த பலரைப் பற்றி வாசித்து வியந்திருக்கிறேன். தான் கண்டதைத் தானே சோதித்து, உலகறிய அதை மறுத்துரைத்த ஒருத்தி என் கையால் தலைவாரிப் பள்ளிக்குச் சென்றவள் என்று எண்ணும்போது, இந்த வரியை மறுபடி வாசித்துப் பார்த்துக்கொள்கிறேன். முனைவர் என்று மேலே எழுதினேன் அல்லவா? ஜூன் மாதத்தைவிட இன்று அதை அதிக மரியாதையுடன் எழுதினேன்.

இன்னும் ஒன்று. பெரிய எண்ணை நீ சொன்ன அன்றே நாங்கள் மனப்பாடம் செய்துவிட்டோம். திருத்திய எண் எவ்வளவு என்று நீ சொல்லவேயில்லை. இன்று சபையில் எவரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அதைத் தொலைபேசியில் சொல்லாதே, கடிதத்திலும் எழுதாதே. டிசம்பரில் வந்து, உன் அண்ணனும் நானும் எதிரில் அமர்ந்திருக்க, உன் வாயால் சொல். அது எவ்வளவு சிறியதாயினும் மனப்பாடம் செய்துகொள்வோம்.

கர்த்தர் உன்னைக் காத்து, வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் வரவை நோக்கியிருக்கும் அண்ணி,
ஞானசுந்தரி அசரியா