நோய் பரவாத ஊர்

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு இருமல் விட்டுவிட்டது, அவரிடம் அதைப் பெரிதாக்காதே.

அப்படி என்னதான் வேலை என்று போனில் கேட்டாயே. கணினிக்குள் ஒரு ஊரை உண்டாக்கி அதில் நோயை விடுகிறோம். அது எவ்வளவு சுலபமாகத் தொற்றும், எத்தனை நாளில் குணமாகும், ஒருவர் தினமும் எத்தனை பேரோடு பேசுவார், எதுவுமே உறுதியாகத் தெரியாது. ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, எது முடிவைப் புரட்டிப்போடுகிறது என்று பார்க்க வேண்டும். எதையும் மாற்றாவிட்டால்கூட, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒவ்வொரு தடவையும் முடிவு வேறாக வரும்.

எனக்கு மட்டும் அப்படி வரவில்லை. தொற்றும் வேகத்தையும் குணமாகும் நாளையும் எவ்வளவு ஏற்றினாலும் நோய் முதல் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது. வாரம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் ஆய்வை நடத்தும் மேடம் வந்து பார்த்தார்.

"ஒருத்தர் தினம் பேசுற ஆளுங்க ஒண்ணுன்னு போட்டிருக்கியே, யாரைப் பார்த்துப் போட்டே?"

"சும்மா என்னை வெச்சுத்தான் மேடம்."

அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "வா, சாப்பிடப் போகலாம்" என்றார். ஏனென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பஸ் வரும் நேரமாகிவிட்டது. ஒரே ஒரு உதவி. நீ ஒரு நாளில் எத்தனை பேரோடு பேசுகிறாய் என்று எண்ணி எழுது. நேரில் பேசுகிறவர்கள் மட்டும் போதும். போனில் எதுவும் தொற்றாது. அதனால் என்னைச் சேர்த்துவிடாதே.

உன் மகள்