அன்றைக்கு அந்த மேடம் சொன்னது

எருத்தேன்பதி, பாலக்காடு ஜில்லா,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடு கன்றும் மாரியம்மன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம், பெங்களூரில் நீயும் உன் கூட்டாளிகளும் அப்படியே இருக்க வேண்டும். மேற்கே மழை கொட்டுவதாகப் பேப்பரில் போட்டிருக்கிறான், நம் பக்கம் வழக்கம்போலக் காற்று மட்டும்தான், நேற்று அடித்த அடியில் இரண்டு தென்னை மட்டை கொட்டகை ஓட்டின் மேல் விழுந்தது, மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. செவலை மாடு போன வாரம் கிடாரிக் கன்று போட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை பொன்னாத்தாள் வந்து ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, ஏந்தம்பி ஒத்தையில கெடந்து என்ன பண்ற, வூட்டப் பூட்டிப்போட்டு எங்கூட வந்துரு என்றாள். மாட்டை யார் பார்ப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பால் சொசைட்டியில் இப்போது நான் ஒரு வேடிக்கைப் பொருள். யாரிடம் பேசினாலும் முகத்துக்கு நேரே நின்று, வெளிச்சம் என் வாயில் படுகிற மாதிரித் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் பேசுகிறேனாம். பால் அளக்கிற தனபால், ஏனுங்க மாமா எனக்குக் காது நல்லாத்தானுங்க கேக்குது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். நீ என் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உன் நாலாவது வயதில் மீசையை எடுத்தேன், அப்போது பங்காளிகள் எல்லாம் வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று துக்கம் கேட்டார்கள். அப்படிப் பழகின வாய், இனி எங்கே மாறப் போகிறது. இப்போதும் வெளியே போய் வந்தால் நீ திரும்பிப் பார்ப்பாய் என்று லைட் சுவிட்சை இரண்டு தரம் போட்டு அணைக்கிறேன், அணைத்த பிறகுதான் நீ இல்லை என்று ஞாபகம் வருகிறது.

இதெல்லாம் எழுதி முக்கால் பக்கத்தை ஓட்டிவிட்டேன், நீ கேட்டது வேறு. ஒன்பது நாளைக்கு முன்னால் உன் மெசேஜ் வந்தது. மேலே படிக்க வழி கேட்டுப் போன இடத்தில் அந்தக் கவுன்சலர், காது கேளாதவர்களுக்கான திருவனந்தபுரம் காலேஜில் பிளஸ்டூ முடித்ததும் ஏன் சேரவில்லை என்று கேட்டதாகவும், சீட் இல்லை என்று நீ சொன்னதாகவும், அந்த வருஷம் கடைசிவரை சீட் காலியாக இருந்ததே என்று அவர் எடுத்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தாய். அப்பா அன்னிக்குப் பாலக்காட்டுல அந்த மேடம் என்ன சொன்னாங்க என்று முடித்திருந்தாய். நான் படித்துவிட்டேன் என்று நீல டிக் உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். வீடியோவில் வந்து சொல்லத் தைரியமில்லை, என் வாயை உன்னைப்போலப் படிக்கிறவர் யாருமில்லை, அதனால்தான் கடிதம்.

காலேஜ் அட்மிஷனுக்கு வழி சொல்ல உட்கார்ந்திருந்த அந்த மேடம் மலையாளத்தில் வேகமாகப் பேசினார், உனக்குப் பிடிபடவில்லை, என்னைத்தான் பார்த்தாய். அவர் சொன்னது இதுதான். சீட் இருக்கிறது, இந்தப் பிள்ளையின் மார்க்குக்கு முதல் அலாட்மென்டிலேயே கிடைக்கும், ஹாஸ்டலும் உண்டு, அவளுக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள். நான் உன் பக்கம் திரும்பி, வழக்கம்போல நிறுத்தி நிதானமாக, அங்க சீட்டு இல்லையாமா கண்ணு என்றேன். நீ தலையை ஆட்டினாய். அவர் பக்கம் திரும்பி, இவளுக்கு வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை, பக்கத்துக் காலேஜில் பி.காம் போதும் என்கிறாள் என்றேன். மேடம் உன்னைப் பார்த்தார், பெரியவர்கள் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி நீ சிரித்தாய், அவரும் நான் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

அம்மா போய் அப்போது ஏழு மாதம். அந்தக் காலேஜில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், கைப்பேச்சு பழகிவிட்டால் என் வாயைப் பார்க்க மாட்டாய், இந்த வீட்டில் பேச்சே நின்றுவிடும் என்று பயந்தேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய், என் நல்லதுக்குத்தான் செய்தேன். பி.காமில் மூன்று வருஷம் வாத்தியார் போர்டைப் பார்த்துப் பாடம் நடத்த, நீ அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் செய்தாய், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன மாதம் வீடியோவில் நீயும் ரூமில் கூட இருக்கிற ஆர்த்தியும் கையால் ஏதோ பேசி வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். நீ இத்தனை வேகமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை, என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் போக மாட்டாய். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அன்றைக்கு நான் உன்னிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கவரில் உன் பிளஸ்டூ மார்க் லிஸ்ட், டிகிரி சர்டிபிகேட், காது டாக்டர்கள் கொடுத்த சர்டிபிகேட் மூன்றும் ஒரிஜினல் வைத்திருக்கிறேன், நீ போன தடவை கேட்டபோது பீரோச் சாவியைக் காணோம் என்றேனே, அதுவும் பொய்தான். இப்போதும் சேரலாம் என்று அந்தக் கவுன்சலர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பெற்றவர் வர வேண்டும் என்றால் வருகிறேன், ஆனால் உனக்கும் அவர்களுக்கும் நடுவில் பேச என்னை வைக்காதே, கைப்பேச்சு தெரிந்த ஆளைக் கூட்டிக்கொள், நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த மேடம் கேட்கச் சொன்ன கேள்வியை நான் உன்னிடம் கேட்கவே இல்லை, ஐந்து வருஷம் கழித்து இப்போது கேட்கிறேன். கண்ணு, உனக்கு என்ன விருப்பம்?

மாரியம்மன் உன்னை நோயில்லாமல் வைத்திருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். அப்ளிகேஷன் போட இருபதாம் தேதிதான் கடைசி என்று நீயே எழுதியிருந்தாய், என் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன் என்று அதை விட்டுவிடாதே. அதை முடித்துவிட்டு எனக்கு எழுது, திட்டி எழுதினாலும் சரி, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா,
அர்த்தநாரி